வெல்டருக்கு ஒரு தவளை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமா? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் தொண்டை கிழியக் கத்தியது போதும். நான் "பொட்டாசியம்" என்றேன். நீ "போட்டாச்சு, போட்டாச்சு, காலையிலயே போட்டாச்சு" என்றாய். முப்பது வருஷம் பம்புகளுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கெடுத்துக்கொண்டவனிடம் ஃபோனில் அறிவியல் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு. கோபித்துக்கொள்ளாதே, உன் விஷயத்தில் அது பழமொழி இல்லை, வெறும் தகவல். இனிமேல் கடிதம்தான்.

அதோடு, உறையின் மேல் 'சுண்டெலி' என்று எழுதுவதை நிறுத்து. எனக்கு முப்பத்தொன்பது வயது. வாசல் காவலாளி "மேடம், எலிக்கு லெட்டர் வந்திருக்கு" என்று மாடிவரை கேட்கிற மாதிரி கூப்பிடுகிறார்.

நீ கேட்ட வேலை இதுதான். ஒரு தவளையின் தோலில் ஊறும் பொருளைப் பார்த்து அதே மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறோம். பெப்டைடு என்று பெயர்; சிறு புரதத் துண்டு என்று வைத்துக்கொள். கிருமி என்பது உன் பாஷையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றியுள்ள சவ்வுதான் சுவர். அந்தச் சுவரிலேயே குட்டிக் குட்டிப் பம்புகள் உண்டு. அவை பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்துச் சேர்த்து, சோடியம் அயனியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். (அயனி என்றால் மின்னூட்டம் உள்ள அணு. 'என்ன நீ' இல்லை.) உள்ளும் வெளியும் அப்படி வேறுபட்டிருக்கும் வரைதான் கிருமிக்கு உயிர். எங்கள் பெப்டைடு போய்ச் சுவரில் ஒட்டி ஓட்டை போடும். பொட்டாசியம் வெளியே கொட்டும். பம்புகள் இறைக்க இறைக்க ஓட்டை வழியே போகும். பத்தே நிமிஷம், கிருமி காலி. வேறு எந்த மருந்துக்கும் மசியாத கிருமியும் இதற்கு மசிகிறது.

ஜூலைக்குள் ஆய்விதழுக்குக் கட்டுரை போக வேண்டும். போனால் என் நாற்காலி எனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. துறைத்தலைவர் இதை வாரம் தவறாமல் நினைவூட்டுகிறார், மனிதருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


ஜனவரி 24

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கு நலம். அங்கு நலமா?

உறையில் உன் பேரை ஒழுங்காக எழுதியிருக்கிறேன். உள்ளே எழுதுவதை எந்தக் காவலாளியும் தடுக்க முடியாது.

மாத்திரையும் போட்டாச்சு, உன் கடிதத்தையும் இரண்டு முறை படித்தாச்சு. இந்த வாரம் ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வேலை. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஒருவழி வால்வைத் தலைகீழாக மாட்டியிருக்கிறான் ஒரு மகானுபாவன். அந்த ஆளும் என்னை மாதிரி மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எனக்கு ஒரு கேள்வி. கிருமி கண்ணுக்கே தெரியாது என்கிறாய். அதிலிருந்து பொட்டாசியம் ஒழுகுவது மட்டும் உனக்கு எப்படித் தெரிகிறது?

இன்னொன்று. என்னோடு வேலை பார்க்கும் ஒரு வெல்டர். சர்க்கரைக்காரர். நவம்பரில் பாதத்தில் ஒரு ஆணி ஏறிவிட்டது. சுண்டுவிரலுக்குக் கீழே. இரண்டு தரம் மருந்து மாற்றியும் ஆறவில்லை. "எந்த மருந்துக்கும் மசியாத கிருமி" என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "பத்து நிமிஷமா!" என்று வாயைப் பிளந்துவிட்டார். அவர் காலுக்கு அது கேட்குமா?

இப்படிக்கு,
அண்ணன்


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

நல்ல கேள்வி, ஆனால் என் பதினோரு வருஷ வேலையை இப்படி ஒரே வரியில் சந்தேகப்படுவதற்கு உனக்கு மட்டும்தான் துணிச்சல் வரும். கிருமிகள் மிதக்கும் சின்னக் குப்பியில் பெப்டைடை ஊற்றி, இரண்டு கம்பிகளை இறக்குவோம். ஒன்று பொட்டாசியத்தை மட்டும் மோப்பம் பிடிக்கும் கம்பி. இன்னொன்று அதற்குத் துணை. அது இல்லாமல் முதல் கம்பியின் அளவை எதோடும் ஒப்பிட முடியாது. வெளியே பொட்டாசியம் கூடினால் திரையில் எண் ஏறும். கம்பிகளை இறக்கிய நொடியிலிருந்து ஏறுகிறது பார், பத்து நிமிஷம் நிற்காமல்! பார்க்கவே அழகு.

வெல்டரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். சர்க்கரை இருக்கிறவர் காலில் மூன்று மாதம் ஆறாத புண் விளையாட்டில்லை. எங்கள் பொருள் மருந்தாக இன்னும் பல வருஷம் ஆகும். ஆனாலும் அண்ணா, என்றைக்காவது அது மருந்தாகும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் தங்கை


மார்ச் 1

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கு நலம். அங்கு நலமா?

பதில் தாமதம், மன்னித்துக்கொள். வேலை அதிகம். கையெழுத்து கோணலாக இருக்கும். காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன். வயதாகிறது, நின்று நின்று அசதி.

வெல்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார். சுண்டுவிரலை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். "எடுக்கறது அவங்களுக்குச் சுலபம், நடக்கறது நான்தானே" என்கிறார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, குனிந்து, குழிக்குள் இறங்கிச் செய்கிற வேலை. கால் போனால் வேலை போச்சு. அதனால் தவளைக்காகக் காத்திருக்கிறார். என்றைக்காவது என்று எழுதினாயே, அந்த என்றைக்காவது ஏப்ரலுக்குள் வருமா?

இல்லாவிட்டால் ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் அனுப்ப முடியுமா? தபாலில் உடையாமல் நான் சொல்கிற மாதிரி பஞ்சு சுற்றி அனுப்பு. ஆள் பொறுப்பானவர். யாரிடமும் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 10

அண்ணனுக்கு,

நலம், நலம். மேலே படி.

உனக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா? பஞ்சு சுற்றி அனுப்ப இது ஊறுகாயா? மனிதர் மேல் ஒரு சொட்டுக்கூடச் சோதிக்காத பொருள் இது. சவ்வில் ஓட்டை போடுவதுதான் அதன் தொழில். கிருமியின் சவ்வோடு நிற்குமா, வெல்டரின் சவ்வுக்கும் போகுமா என்றே இன்னும் தெரியாது. நான் அனுப்பி அவருக்கு ஏதாவது ஆனால்? ஆஸ்பத்திரியில் எடுக்கச் சொன்னால் எடுத்துக்கொள்ளச் சொல். ஒரு விரல்தானே போகும். காத்திருந்தால் கணக்கு ஏறும். என்ன மனிதர் அவர், வீட்டில் கேட்க ஆளில்லையா?

நானே இங்கே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை உப்புக் குறைந்த நீரில்தான் சோதித்தோம். இப்போது நம் ரத்தத்தில் உள்ள அளவுக்கு உப்பைக் கூட்டிப் பார்த்தேன். எண் பழையபடி அழகாக ஏறுகிறது. ஆனால் அதே கிருமிகளை எடுத்துத் தட்டில் வளர்த்தால், ஒன்றுகூடச் சாகவில்லை! தொட்டி ஒழுகுகிறது, ஆனால் காலியாகவில்லை. இது என்ன கூத்து? துறைத்தலைவரிடம் சொன்னேன். "தட்டை விடுங்க, எண்ணைப் போட்டு அனுப்புங்க" என்கிறார்.

அண்ணிக்கு அன்பு.

உன் தங்கை


மார்ச் 19

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கு நலம். அங்கு நலமா?

திட்டு கிடைத்தது. வெல்டருக்கும் பாதியைப் பிரித்துக் கொடுத்தேன்.

தொட்டி ஒழுகுகிறது, காலியாகவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு பழைய வேலை ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அழுத்தமானியை மாட்டினேன். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. சுவருக்குள் எங்கோ கசிகிறது என்று மூன்று இடத்தில் உடைத்தேன். மூன்றும் காய்ந்த சுவர். கடைசியில் பார்த்தால், கசிந்தது என் அழுத்தமானியை மாட்டிய குழாயின் இணைப்பில். அந்த வீட்டம்மா இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் சுவரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்.

அதனால் கேட்கிறேன். உன் துணைக் கம்பிக்குள் என்ன இருக்கிறது? கிருமியும் வேண்டாம், பெப்டைடும் வேண்டாம், வெறும் தண்ணீரில் பத்து நிமிஷம் அதை இறக்கிப் பார்த்தாயா?

இப்படிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

துணைக் கம்பிக்குள் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. நிறைய. அதன் நுனியில் ஒரு நுண்ணிய துளை உண்டு, அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். கசிந்தால்தான் அது வேலை செய்யும். எந்தப் பொருளைத் தேடுகிறேனோ அதையே ஊற்றும் கம்பியைக் குப்பிக்குள் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் "ஏறுகிறது, ஏறுகிறது" என்று கைதட்டியிருக்கிறேன். வெறும் தண்ணீரில் இறக்கினேன். ஏறியது. அதே அழகு.

நான் முட்டாள் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நீ சொன்ன வெறும் தண்ணீர்ச் சோதனைக்கு எங்கள் பாஷையில் வெற்று ஓட்டம் என்று பெயர். அதைச் செய்தேன், செப்டம்பரில். அப்போதிருந்த துணைக் கம்பிக்கு இரண்டு உறை. வெளி உறையில் பொட்டாசியம் இல்லாத வேறு உப்பு, குப்பிக்குள் கசிவது அதுதான். நவம்பரில் அது உடைந்து, புதிது வந்தது. இதற்கு ஒரே உறை. மறுபடி வெற்று ஓட்டம் செய்ய எனக்குத் தோன்றவில்லை. பெப்டைடை ஊற்றிய பிறகே கம்பியை இறக்குவது எங்கள் பழக்கம், அதனால் பழி பெப்டைடு மேலேயே விழுந்தது.

தட்டுதான் உண்மை சொன்னது. உப்புக் குறைந்த நீரில் பெப்டைடு கிருமியைக் கொல்கிறது. ரத்தத்தின் உப்பில் கொல்லவில்லை. பெப்டைடு போய் ஒட்ட வேண்டிய இடத்தில் உப்பின் அயனிகள் முண்டியடித்து உட்கார்ந்துவிடுகின்றன. ஆகவே இப்போதைக்கு இது எந்தப் புண்ணுக்கும் உதவாது. வெல்டரிடம் சொல்லிவிடு, தவளை வராது. இனி ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தில் தேதி பத்தொன்பது. உறையில் முத்திரை இருபத்துமூன்று. நாலு நாள் என்ன செய்தாய்?

உன் தங்கை


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமா, கோபமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஃபோன் செய்தால் அண்ணி எடுத்து "வேலைக்குப் போயிருக்கார்" என்கிறார், ஞாயிற்றுக்கிழமையும்! கடைசிக் கடிதத்தில் நான் நன்றி சொல்லவில்லை என்று முறுக்கிக்கொண்டாயா? சரி, நன்றி. நீ கேட்காவிட்டால் அந்தக் குப்பையைக் கட்டுரையாக அனுப்பியிருப்பேன்.

துணைக் கம்பிக்கு வெளி உறை போட்டு, பொட்டாசியம் இல்லாத உப்பை நிரப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தேன். உப்புக் குறைந்த நீரில் கிருமி உண்மையாகவே ஒழுகுகிறது. ரத்தத்தின் உப்பில் எண் அசையவில்லை. கட்டுரையை நிறுத்திவிட்டேன் என்று துறைத்தலைவரிடம் சொன்னேன். கத்தினார். மற்றபடி நலம்.

வெல்டர் எப்படி இருக்கிறார்? இரண்டு வரியாவது எழுது.

உன் தங்கை


மே 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுதக்கூடாது என்று உன் அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். என் பொறுமை போய்விட்டது, அதனால் சத்தியமும் போய்விட்டது.

வெல்டர் என்று யாரும் இல்லை. ஆணி ஏறியது உன் அண்ணன் காலில். என்னிடமே மூன்று வாரம் மறைத்தார், காலுறையோடு படுத்துக்கொண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். தெரிந்த பிறகு நான் கத்தினேன், அழுதேன், மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். விரலை எடுக்கணும் என்றதும் எழுந்து வந்துவிட்டார். "தங்கச்சி மருந்து வருது, பத்து நிமிஷத்துல கிருமி காலி"ன்னு உன் கடிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். நீ படித்தவள், உன் எழுத்துக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

தவளை வராது என்று நீ எழுதியது ஏப்ரல் எட்டாம் தேதி கிடைத்தது. படித்தார். மடித்தார். மறுநாள் காலை அவரே பையை எடுத்து வைத்துக்கொண்டு "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். மார்ச் ஒன்றில் ஒரு விரலோடு போயிருக்கும். இப்போது மூன்று. பெருவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மிச்சம்.

நாலு நாள் என்ன செய்தாய் என்று கேட்டிருந்தாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். "ஏன் இன்னும் போடல?" என்று கேட்டேன். "போட்டா தவளை செத்துரும்" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை.

அண்ணி


மே 22

வெல்டர் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

உன் மேல் எனக்கு வரும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. "ஒரு விரல்தானே போகும்" என்று நான் எழுதியது யார் விரலைப் பற்றி என்று தெரிந்துமா பேசாமல் இருந்தாய்? "வீட்டில் கேட்க ஆளில்லையா" என்று எழுதியதையும் படித்துவிட்டுச் சிரித்திருப்பாய். என் மேல் வரும் கோபம் இன்னும் பெரிது. பத்து நிமிஷம் என்று பீற்றிக்கொண்டது நான். கோணல் கையெழுத்து, நாற்காலியில் தூக்கி வைத்த கால், எல்லாம் என் கையில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒழுகுவதைப் பார்க்கிறவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒழுகுவது தெரியவில்லை.

கடிதத்துக்குக் கடிதம் முதல் வரியில் "இங்கு நலம்" என்று எழுதினாய். நானும் அதைச் சோதிக்காமலே நம்பினேன். அதற்கும் ஒரு வெற்று ஓட்டம் செய்திருக்க வேண்டும். இனி அந்த வார்த்தையை எனக்கு எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போடுவேன். காலின் நிலைமையை எழுது, அளவோடு.

ஜூன் பதினான்காம் தேதி ரயிலில் வருகிறேன். ஒரு மாதம் தங்குவேன். சண்டை போட அவ்வளவு நாள் தேவைப்படும்.

உன் தங்கை


ஜூன் 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

இடது கால். தையல் பிரித்தாயிற்று. புண்ணின் நீளம் இரண்டு சென்டிமீட்டர், போன வாரம் மூன்று. கட்டு நாலு நாளாகக் காய்ந்தே இருக்கிறது. காலைச் சர்க்கரை நூற்று நாற்பத்தொன்று. வலி உண்டு. இல்லாத சுண்டுவிரலில்தான் அதிகமாக வலிக்கிறது, இதை யாரிடம் போய்ப் புகார் செய்வது என்று தெரியவில்லை. குழிக்குள் இறங்கும் வேலை இனி இல்லை. மேசை போட்டு உட்கார்ந்து மோட்டார் மட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அந்த வார்த்தையை எழுதவில்லை, கவனித்தாயா?

நாலு நாள் விஷயம். கடிதத்தை எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. வெறும் தண்ணீரிலும் எண் ஏறும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏறினால் மருந்து இல்லை. தபால் பெட்டி நம் தெரு முனையில்தான். நாலு நாள் அதைத் தாண்டிப் போய் வந்தேன். ஐந்தாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பப் புதுக் காலுறை மாட்டினேன். பத்து நிமிஷத்தில் நனைந்துவிட்டது. போகிற வழியில் பெட்டியில் போட்டுவிட்டேன். உன் பேரில் ஒரு பொய் ஊரெல்லாம் போவதைவிட எனக்கு ஒரு விரல் போவது மேல் என்று தோன்றியது. மூன்றாகும் என்று நினைக்கவில்லை, அது வேறு. அதன் பிறகும் உன் பதில் வரும்வரை காத்திருந்தேன் பார், ஒருவேளை எண் ஏறாதோ என்று, அந்தப் பேராசைக்கு நீ பொறுப்பில்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித்தான் எழுதினாய். எனக்குப் பிடித்த வரியை மட்டும் நான் படித்தேன்.

பதினான்காம் தேதி வருகிறாய், சந்தோஷம். உன் அண்ணி இப்போதே அறையை ஒழித்து வைத்துவிட்டாள். ஆனால் பதினைந்து வருஷத்தில் நீ மூன்று நாளுக்கு மேல் இங்கே தங்கியதில்லை. "என் கிருமிகளுக்கு யார் சோறு போடுவாங்க"ன்னு நாலாம் நாள் ஓடிவிடுவாய். இப்போது ஒரு மாதம் என்கிறாய். துறைத்தலைவர் கத்தினார், மற்றபடி நலம் என்று மே மாதம் எழுதினாய். ஜூலைக்குள் கட்டுரை போகாவிட்டால் நாற்காலி வேறு ஆளுக்கு என்று ஜனவரியில் எழுதியதும் நீதான். அதற்குப் பிறகு அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், ஊன்றுகோலோடு. என் காலைப் பார்த்து அழுவதற்கு முன்னால் முதலில் அதைச் சொல். நலம் என்று மட்டும் ஆரம்பிக்காதே.

இப்படிக்கு,
வெல்டர்